நாற்பத்தேழுக்குள் இருக்கும் ஏழு

அரட்டை அறையில் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை நடத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 100 வரை ஏதோ ஓர் எண்ணை அது தேர்ந்துகொள்ளும். அறையில் இருப்பவர்கள் தங்கள் ஊகத்தை எழுதுவார்கள். சரியாகச் சொன்னவர் பெயரை ஸ்கிரிப்ட் அறிவிக்கும். இந்தச் சுற்றில் எண் 7.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போடும் வடிவம் இது: *7*. முன்னால் என்ன இருந்தாலும் சரி, பின்னால் என்ன இருந்தாலும் சரி, நடுவில் 7 இருந்தால் வெற்றி. ஒருவர் "7" என்று எழுதினால் ஸ்கிரிப்ட் சரியாக அறிவிக்கிறது. "7ஆ இருக்குமோ?" என்றாலும் அறிவிக்கிறது. பிறகு ஒருவர் 47 என்கிறார், அவரும் வென்றுவிடுகிறார். இன்னொருவர் விளையாட்டையே கவனிக்காமல், "நான் 7 மணிக்குக் கிளம்பணும்" என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் வாழ்த்து.

எண்ணிப் பார்க்கலாம். 1 முதல் 100 வரை, 7 என்ற இலக்கம் இடம்பெறும் எண்கள் 19. 7, 17, 27 என்று 97 வரை பத்து, 70 முதல் 79 வரை பத்து, இரண்டிலும் வரும் 77-ஐ ஒருமுறை கழித்தால் 19. அதாவது, இந்த ஒரு வடிவத்தால் 18 தவறான விடைகள் சரியாகிவிட்டன. ஸ்கிரிப்ட்டில் பிழைச் செய்தி எதுவும் வராது. கணினி சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. தவறு, நாம் கேட்ட கேள்வியில். "இந்த வரி 7 என்ற விடையா?" என்று கேட்க நினைத்து, "இந்த வரியில் 7 என்ற குறி எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறோம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பற்றியதுதான்.

இந்த விளையாட்டுகள் பெரிதும் வளர்ந்த இடம் ஐ.ஆர்.சி. பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் 1988 ஆகஸ்டில் எழுதிய அரட்டை முறை அது. 1993-ல் அதன் விதிமுறை ஆவணமாக வெளிவந்தது. 1995-ல் காலித் மர்தம்-பே விண்டோஸுக்காக எம்.ஐ.ஆர்.சி. என்ற மென்பொருளை வெளியிட்டார். அதற்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. பிறகு அந்த மொழியில் வினாடி வினா, எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லைக் கேட்பது, கோடிட்ட இடத்தை நிரப்புவது என்று எத்தனையோ விளையாட்டுகள் எழுதப்பட்டன. கணினி அறிவியல் படிக்காத பலருக்கு நிரல் எழுதுவதன் முதல் ருசியை அந்த மொழி கொடுத்தது. அதற்காகவே அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த மொழியின் அடிப்படை எளிமையானது. "அறையில் ஒரு வரி வந்தால், அது இந்த வடிவத்துக்குப் பொருந்தினால், இதைச் செய்" என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். வடிவத்தில் மூன்று சிறப்புக் குறிகள். நட்சத்திரம், எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். எழுத்தே இல்லாவிட்டாலும் பொருந்தும். கேள்விக்குறி, சரியாக ஓர் எழுத்துக்கு. & என்ற குறி, ஒரு முழுச் சொல்லுக்கு. முதல் இரண்டும் ஐ.ஆர்.சி. பயனர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. அறையில் தொந்தரவு செய்பவர்களைத் தடை செய்ய, அவர்களின் பெயரையும் முகவரியையும் இதே நட்சத்திரம், கேள்விக்குறி கொண்டுதான் குறிப்பார்கள்.

எளிமைக்குள் சில நுணுக்கங்களும் உண்டு. ஒரே கோப்பில் பல வடிவங்கள் இருந்தால், மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவது மட்டுமே இயங்கும். எல்லா வரிகளையும் பிடிக்கும் வெறும் நட்சத்திரத்தை மேலே வைத்துவிட்டால், கீழே கவனமாக எழுதி வைத்த வடிவங்களுக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேராது. இன்னொன்று, நீங்களே தட்டச்சு செய்யும் வரிக்கு இந்த நிகழ்வு இயங்காது. மற்றவர்களின் வரிகளுக்கு மட்டும்தான். ஸ்கிரிப்ட்டைத் தன் கணினியில் ஓட்டுகிறவர் தன் விளையாட்டைத் தானே சோதித்துப் பார்த்து, "வேலையே செய்யவில்லையே" என்று குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

7-க்குத் திரும்புவோம். நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, வடிவத்தை வெறும் 7 என்று வைத்தால் 47 போய்விடும். கூடவே "7ஆ?" என்று கேட்டவரும், "7!" என்று உற்சாகமாக எழுதியவரும் தோற்றுவிடுவார்கள். அவர்களுக்கு விடை தெரிந்திருக்கிறது, ஆனாலும் ஸ்கிரிப்ட் ஏற்கவில்லை. வரியைச் சொற்களாக உடைத்து, எந்தச் சொல்லாவது 7-ஆக இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்போது ஒருவர் 1 2 3 4 என்று 100 வரை ஒரே வரியில் எழுதி ஒவ்வொரு சுற்றிலும் வெல்வார். 192 எழுத்துகளும் இடைவெளிகளுக்கு 99 இடமும் என்றாலும்கூட, ஒரு செய்திக்கு ஐ.ஆர்.சி. அனுமதிக்கும் 512 பைட்டுகளுக்குள் அது அடங்கிவிடும்.

இங்கேதான் ரெஜெக்ஸ் என்று நிரலர்கள் அழைக்கும் வளமான குறிமொழி உதவிக்கு வருகிறது. இந்த வடிவத்தைப் பாருங்கள்:

^[^0-9]*7[^0-9]*$

முதல் குறி வரியின் தொடக்கத்தையும், கடைசிக் குறி முடிவையும் காட்டுகின்றன. சதுர அடைப்புக்குள் இருப்பது "இலக்கம் அல்லாத ஏதோ ஒன்று" என்று பொருள்படும். அதையொட்டிய நட்சத்திரம், அது எத்தனை முறை வந்தாலும் சரி என்கிறது. ஆக, வரி முழுவதிலும் ஒரே ஓர் இலக்கம் இருக்க வேண்டும், அது 7-ஆக இருக்க வேண்டும். "7!", "7ஆ இருக்குமோ" இரண்டும் உள்ளே வருகின்றன. 47-க்கு இடமில்லை. 1 முதல் 100 வரை கொட்டுகிறவருக்கும் இடமில்லை. "7 மணிக்குக் கிளம்பணும்" என்றவர் மட்டும் இப்போதும் வெல்கிறார். "17 இல்லன்னா 7" என்றவர் தோற்கிறார். இந்த இரண்டாமவர் தோற்பது நியாயமா? ஒரு வரியில் ஓர் ஊகம்தான் அனுமதி என்றால் நியாயம். அப்படி யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, வடிவம் சொல்லிவிட்டது. அறிவிப்பில் எழுதியிருக்கும் விதிகளைவிட, வடிவத்தில் எழுதியிருக்கும் விதிகளின்படிதான் விளையாட்டு நடக்கிறது. வடிவம் எழுதுகிறவர் நடுவர் வேலை பார்க்கிறார் என்ற உணர்வோடு எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் இருக்கின்றன. எம்.ஐ.ஆர்.சி.யில் எழுத்துக்கு வண்ணம் கொடுத்தால், வரிக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் குறியும் அதைத் தொடர்ந்து வண்ணத்தின் எண்ணும் சேரும். சிவப்பு நிறத்தின் எண் 4. ஒருவர் 7 என்பதைச் சிவப்பில் அனுப்பினால், திரையில் அழகான சிவப்பு 7 தெரியும். ஸ்கிரிப்ட்டுக்கு வருவதோ அந்தக் குறியும் 047 என்ற மூன்று இலக்கங்களும். மேலே எழுதிய வடிவம் அதை நிராகரித்துவிடும். திரையில் சரியான விடையைப் பார்க்கும் மொத்த அறையும், ஸ்கிரிப்ட் ஏமாற்றுகிறது என்று கொதிக்கும். பொருத்திப் பார்க்கும் முன் வண்ணக் குறிகளை உரித்தெடுத்துவிட வேண்டும். அதற்கென்றே ஒரு கட்டளை அந்த மொழியில் உண்டு.

இன்னும் கடுமையான தவறு ஒன்று இருக்கிறது. பொருத்துதல் என்பதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று வடிவம், மற்றது உரை. இரண்டும் பார்வைக்கு வெறும் எழுத்துகள்தான். எம்.ஐ.ஆர்.சி.யில் "இது அதற்குப் பொருந்துகிறதா" என்று கேட்கும் ஒப்பீட்டில், இடப்பக்கம் இருப்பதை வடிவமாகவும் வலப்பக்கம் இருப்பதை உரையாகவும் மொழி எடுத்துக்கொள்ளும். கவனக்குறைவால் ஆட்டக்காரரின் ஊகத்தை இடப்பக்கமும் விடையை வலப்பக்கமும் வைத்துவிட்டால், சாதாரண ஊகங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 7 என்பது 7-க்குப் பொருந்தும், 8 பொருந்தாது. மாதக்கணக்கில் விளையாட்டு ஒழுங்காக நடக்கும். ஒருநாள் ஒருவர் வெறும் * என்று ஊகம் சொல்வார். நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்துமே, வெற்றி. அன்று முதல் எந்தச் சுற்றிலும் அவரை வெல்ல முடியாது.

முன்பின் தெரியாதவர் எழுதிய உரையை நாம் கட்டளையாகப் படித்துவிடுவதுதான் இந்தத் தவறின் வேர். தரவுத்தளங்களை உடைக்கும் பெரிய தாக்குதல்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே. எம்.ஐ.ஆர்.சி.யிலேயே இதைவிட ஆபத்தான வடிவம் உண்டு. "ஐந்து விநாடி கழித்து வெற்றியாளரின் வரியைத் திரும்பச் சொல்" என்று டைமர் வைத்தால், அந்த வரி இரண்டு முறை மதிப்பிடப்படும்: டைமரை வைக்கும்போது ஒரு முறை, அது அடிக்கும்போது இன்னொரு முறை. ஆட்டக்காரர் எழுதியதில் டாலர் குறியோடு தொடங்கும் சொல் இருந்தால், இரண்டாம் முறை அது ஸ்கிரிப்ட் மொழியின் கட்டளையாகவே இயங்கும். நடுவே | என்ற கோடு இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தனிக் கட்டளையாகிவிடும். விளையாட வந்தவர் கையில் உங்கள் கணினி.

சரி, ஒரு வடிவத்தை உரையோடு பொருத்துவது என்றால் கணினிக்குள் என்னதான் நடக்கிறது? இதன் கதை அரட்டை அறைகளுக்கு வெகு முன்பே, நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் தொடங்குகிறது. 1943-ல் வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும், நரம்பு செல்களை ஆம்-இல்லை என்று மட்டுமே சொல்லும் எளிய உறுப்புகளாகக் கருதி, அவற்றின் வலைப்பின்னலுக்குக் கணித மாதிரி ஒன்றைத் தந்தார்கள். அப்படிப்பட்ட வலைப்பின்னல் எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று கேட்டவர் கணிதவியலாளர் ஸ்டீவன் கிளீனி. 1951-ல் ராண்ட் நிறுவனத்துக்காக எழுதி 1956-ல் அச்சான கட்டுரையில் அவர் பதில் சொன்னார். மூன்றே செயல்கள் போதும்: ஒன்றையடுத்து ஒன்று, இது அல்லது அது, திரும்பத் திரும்ப. அந்தத் திரும்பத் திரும்பவுக்குத்தான் நட்சத்திரக் குறி. இன்றும் அதற்குக் கிளீனியின் பெயர்தான்.

இந்த மூன்று செயல்களால் எழுதக்கூடிய எந்த வடிவத்தையும், வரம்புக்குட்பட்ட சில நிலைகளை மட்டும் கொண்ட ஓர் இயந்திரத்தால் சரிபார்த்துவிடலாம் என்பது அவர் நிறுவிய முடிவு. நம் 7 வடிவத்துக்கு மூன்று நிலைகள் போதும். முதல் நிலை: இலக்கம் எதுவும் இன்னும் வரவில்லை. இரண்டாம் நிலை: ஒரு 7 வந்துவிட்டது. மூன்றாம் நிலை: கெட்டுவிட்டது, இனி என்ன வந்தாலும் பயனில்லை. இயந்திரம் வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறது. முதல் நிலையில் 7 வந்தால் இரண்டுக்குப் போகிறது, வேறு இலக்கம் வந்தால் மூன்றுக்கு. இரண்டில் இருக்கும்போது எந்த இலக்கம் வந்தாலும் மூன்றுக்கு. வரி முடியும்போது இரண்டில் நின்றால் வெற்றி. பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரி எவ்வளவு நீளமானாலும் ஓர் எழுத்துக்கு ஓர் அடி.

1968-ல் கென் தாம்ப்சன் இந்தக் கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வடிவத்தைக் கொடுத்தால் அதை ஐ.பி.எம். 7094 கணினியின் இயந்திர மொழிக்கே மாற்றிவிடும் முறை அது. எந்த வழியில் போவது என்ற ஐயம் வந்தால், எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் நடந்து பார்ப்பதுதான் அவருடைய உத்தி. பிறகு யூனிக்ஸ் கருவிகள் வழியாக ரெஜெக்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. எம்.ஐ.ஆர்.சி. பயன்படுத்துவது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1997-ல் எழுதத் தொடங்கிய பி.சி.ஆர்.இ. என்ற நூலகத்தை. அது தாம்ப்சன் வழியில் போவதில்லை. ஒரு வழியில் போய்ப் பார்த்து, அடைபட்டால் பின்வாங்கி அடுத்த வழியை முயலும்.

பின்வாங்கும் முறைக்குக் காரணம் உண்டு. கிளீனியின் இயந்திரத்தால் எளிதாகச் செய்ய முடியாத சிலவற்றை அது செய்யும். நான்கு இலக்க எண்ணை ஊகிக்கும் விளையாட்டில், எந்த இலக்கமும் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி உண்டு. 0-வில் தொடங்குபவையும் சேர்த்து அப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 5,040. ஊகத்தில் இலக்கம் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க (.).*\1 என்ற சிறிய வடிவம் போதும். "ஏதோ ஒரு குறி, இடையில் எதுவும், பிறகு அதே குறி" என்பது அதன் பொருள். "அதே" என்று சொல்ல வேண்டுமானால், முன்னால் வந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்வாங்கும் முறைக்கு அது இயல்பாக வருகிறது.

அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை நேரம். ^([0-9]+)+$ என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரி முழுக்க இலக்கங்களா என்று பார்க்கத்தான் எழுதியது. உள்ளே ஒரு திரும்பத் திரும்ப, வெளியே இன்னொன்று. யாரோ ஒருவர் 30 இலக்கங்களைத் தட்டிவிட்டுக் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி போடுகிறார். பொருந்தாது என்பது நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. பின்வாங்கும் முறையோ, அந்த 30 இலக்கங்களைத் துண்டுகளாகப் பிரிக்கக்கூடிய எல்லா வழிகளையும் முயன்ற பிறகே கைவிடும். ஒவ்வோர் இடைவெளியிலும் வெட்டலாம் அல்லது வெட்டாமல் விடலாம். இடைவெளிகள் 29. ஆகவே 53 கோடியே 68 லட்சத்து 70 ஆயிரத்து 912 வழிகள். இன்னும் ஓர் இலக்கம் சேர்த்தால் இரட்டிப்பு. நல்ல நூலகங்கள் இதற்குத் தடுப்பு வைத்திருக்கின்றன, பி.சி.ஆர்.இ. இயல்பாக 1 கோடி முயற்சியோடு நிறுத்திக்கொள்ளும். அரட்டை அறைக்கு மட்டும் உரிய ஆபத்து இல்லை இது. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது, வரியோர வெற்றிடங்களை நீக்கும் ஒரு ரெஜெக்ஸ், சுமார் 20,000 வெற்றிடங்கள் கொண்ட ஒரே வரியில் மாட்டிக்கொண்டதால். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் வழியாக இயங்கிய தளங்கள் 27 நிமிடம் தடுமாறியதற்கும் பின்வாங்கிப் பின்வாங்கிச் செயலியை விழுங்கிய ஒரு ரெஜெக்ஸ்தான் காரணம்.

சொல் விளையாட்டுக்கு வந்தால் சிக்கல்கள் வேறு. வினாடி வினா ஸ்கிரிப்ட்டுகள் சில எழுத்துகளைக் காட்டி, மற்றவற்றை நட்சத்திரமாக மறைத்துக் குறிப்பு கொடுப்பது வழக்கம். விடை மரகதம் என்றால், ம*க*ம் என்று காட்டலாம். ஒரு சொல்பட்டியல் கோப்பை வைத்துக்கொண்டு விடையைத் தேடித் தரும் துணை ஸ்கிரிப்ட்டுகளையும் ஆட்டக்காரர்கள் எழுதினார்கள். எம்.ஐ.ஆர்.சி.யில் கோப்புக்குள் வடிவத்தைக் கொண்டு நேரடியாகத் தேடலாம். குறிப்பை அப்படியே வடிவமாகக் கொடுத்தால், மரகதத்தோடு மயக்கமும் மகத்துவமும் வந்து நிற்கும். குறிப்பில் நட்சத்திரம் ஓர் எழுத்துக்கு நின்றது, வடிவத்தில் அதே நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும் நிற்கிறது. நட்சத்திரங்களைக் கேள்விக்குறியாக மாற்றி ம?க?ம் என்று தேடினால் மயக்கமும் மகத்துவமும் விலகிவிடும்.

மரகதம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுத்தேன். அதில் புள்ளி தவிர வேறு துணைக்குறி இல்லை. மீன் என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். நமக்கு அது இரண்டு எழுத்து. ஒருங்குறியில் அது நான்கு குறியீடு: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. ஓர் எழுத்தை மறைக்கச் சொன்னால் ஸ்கிரிப்ட் ஈகாரக் குறியை மட்டும் மறைத்துவிட்டு ம-வைக் காட்டும். அல்லது ம-வை மறைத்துவிட்டு, தாங்க மெய்யில்லாத ஒரு குறியைப் புள்ளிவட்டத்தின் மேல் தொங்கவிடும். "விடை 4 எழுத்து" என்று அறிவித்தால் தமிழ் தெரிந்த யாருக்கும் மீன் தோன்றாது. மெய்யையும் அதனோடு ஒட்டிய குறியையும் சேர்த்து ஒன்றாகப் பிடிக்கும் குறி ரெஜெக்ஸில் தனியாக உண்டு. தமிழில் விளையாட்டு நடத்துகிறவர் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்போதும் பக்ஷி போன்ற சொல்லில் க்ஷி-யை இரண்டாகத்தான் எண்ணும்.

கோவை என்று இருவர் எழுதுகிறார்கள். திரையில் இம்மியும் வேறுபாடு இல்லை. ஒருவருடைய விசைப்பலகை ஓகாரக் குறியை ஒரே குறியீடாக அனுப்புகிறது. மற்றவருடையது ஏகாரக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாக அனுப்புகிறது. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதி சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த விதி தெரியாது. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது கட்டாயம்.

அதைவிடப் பெரிய வேலை தமிழின் விகுதிகள். ஆங்கிலத்தில் விடைச்சொல் இடைவெளிகளுக்கு நடுவே தனியாக நிற்கும். நாமோ "மதுரைதான்", "மதுரையா?", "மதுரைன்னு நினைக்கிறேன்" என்று எழுதுவோம். வரியைச் சொற்களாக உடைத்து மதுரை இருக்கிறதா என்று கேட்டால், மூன்றிலும் இல்லை என்றுதான் பதில் வரும். சொல்லின் தொடக்கம் மட்டும் பொருந்தினால் போதும் என்று தளர்த்தலாம், மதுரைக்கு அது போதும். மரம் விடையானால் "மரத்தைத்தான் சொல்றீங்களா" என்பதை அது பிடிக்காது, ஏனென்றால் இறுதி மகரம் திரிந்துவிட்டது. தொடக்கத்தை இன்னும் சுருக்கி மர என்று வைத்தால் மரபும் மரணமும் உள்ளே வந்துவிடும். இங்கே வடிவத்தின் எல்லை முடிந்து இலக்கணத்தின் எல்லை தொடங்குகிறது. ஊகம் எழுதும்போது விடையை மட்டும் எழுதுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டுக்கொள்வதே இதற்கு நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன்.

எழுத்துப்பிழைக்கு என்ன செய்வது? டோக்கியோ என்பதை டோக்கயோ என்று எழுதியவருக்கு விடை தெரியும். அவரைத் தோற்கடிப்பது எழுத்துத் தேர்வு நடத்துவதாகும். 1965-ல் ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் தந்த அளவீடு இதற்கு உதவும். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதுதான் அது. டோக்கியோவுக்கும் டோக்கயோவுக்கும் நடுவே ஒரே ஓர் இகரக் குறி, தூரம் 1. தூரம் 1 வரை ஏற்கலாம் என்று விதி வைக்கத் தோன்றும்.

எண் விளையாட்டுக்கு இதை வைக்கவே கூடாது. 7-க்கும் 17-க்கும் தூரம் 1, தொடங்கிய இடத்துக்கே போய்விடுவோம். நாடுகளின் பெயரிலும் கவனம் வேண்டும். ஈரானுக்கும் ஈராக்குக்கும் தூரம் 1. ஆஸ்திரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2. நீண்ட சொல்லுக்குக் கூடுதல் சலுகை என்று தளர்த்தினால் இரண்டாவது இணையும் குழம்பிவிடும். நன்றாக யோசித்து எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், ஊகம் விடையோடு அப்படியே பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கும். பொருந்தாவிட்டால், அந்த ஊகம் பட்டியலில் உள்ள வேறொரு விடையா என்று பார்க்கும். ஆம் என்றால் அங்கேயே தவறு என்று அறிவித்துவிடும். எதுவுமே இல்லாத சொல்லாக இருந்தால் மட்டும் தூரத்தை அளக்கும். ஈராக் என்று எழுதியவருக்கு நாட்டைத் தெரியவில்லை, ஈறான் என்று எழுதியவருக்கு எந்த ரகரம் என்றுதான் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் தூரம் 1-தான்.